பைன் மர வளையங்களில் வயதையும் மழையையும் பிரித்துப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் மூணாறு, வட்டவடை, வாகமன் மலைகளில் வெட்டிப்போட்ட பைன் மரத்தைக் காண்பவர்கள் முதலில் அதன் வளையங்களை எண்ணுகிறார்கள். அடுத்த நொடியே குறுகிய வளையம் ஒன்றைத் தொட்டுக்காட்டி, அந்த ஆண்டு மழை பொய்த்திருக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். எண்ணிக்கைக்கும் அந்த முடிவுக்கும் இடையில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. வளையத்தின் அகலத்தை மரத்தின் வயது, அண்டை மரங்களின் நெருக்கம், நிலத்தின் சரிவு, மழை, வெப்பம், வெயில் ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அவற்றுள் வானிலையின் பங்கை மட்டும் தனியே எடுக்க வேண்டுமானால், மற்றவற்றை ஒரு வரிசைப்படி விலக்கிக்கொண்டே வர வேண்டும். மழைப் பதிவேட்டைத் திறப்பது அவ்வரிசையில் கடைசி வேலை.

கல்லூரி ஆய்வேட்டுக்காக இவ்வேலையில் இறங்குவோரையும், எஸ்டேட்டில் மரம் வெட்டும்போது ஆர்வத்தால் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவருவோரையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. படிகளின் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

1. தோப்பைத் தேர்ந்தெடுத்தல்: நட்ட ஆண்டுகள் வேறுபட வேண்டும்

தென்னிந்தியாவில் தானாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை. இம்மலைகளில் இருப்பவை அனைத்தும் நடப்பட்டவை. மெக்சிகோவின் உயர்நிலங்களைச் சேர்ந்த பைனஸ் பாட்டுலா அவற்றுள் முக்கியமானது. நட்ட தோப்பு என்பதால் ஒரு வசதி உண்டு: நட்ட ஆண்டு பதிவேட்டில் இருந்தால், நாம் எண்ணிய வளையங்களை அதனோடு சரிபார்க்கலாம். அதே காரணத்தால் ஒரு பெரிய இடரும் உண்டு. புதியவர்கள் பலர் இவ்விடரை வேலை முடிந்த பிறகே உணர்கிறார்கள்.

ஒரே ஆண்டில் நட்ட தோப்பில் எல்லா மரங்களுக்கும் ஒரே வயது. பன்னிரண்டாம் வயதில் கிளைகள் ஒன்றோடொன்று முட்டி, நிழல் விழுந்து, வளையங்கள் குறுகத் தொடங்கின என்று வைத்துக்கொள்வோம். அக்குறுகல் எல்லா மரங்களிலும் ஒரே ஆண்டில் நிகழும். பார்ப்பவருக்கு அது வறட்சி போலவே தோன்றும். எத்தனை மரங்களை அளந்தாலும் இக்குழப்பம் தீராது. ஏனெனில் அத்தோப்பில் வயதும் ஆண்டும் ஒன்றையொன்று பிரியாமல் சேர்ந்தே நகர்கின்றன.

ஆகவே நட்ட ஆண்டு வேறுபடும் மூன்று தோப்புகளையாவது, ஒத்த உயரத்திலும் ஒத்த மழை பெறும் சரிவிலும், தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 1975, 1985, 1995 ஆகிய ஆண்டுகளில் நட்ட தோப்புகள் கிடைத்தால், பன்னிரண்டாம் வயது முறையே 1987, 1997, 2007 என மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் வரும். 2002-ஆம் ஆண்டிலோ அம்மரங்களின் வயது 27, 17, 7. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை குறைந்த அந்த ஆண்டில் மூன்று தோப்புகளிலும் வளையம் ஒருசேரக் குறுகியிருந்தால், அதற்கு வயதைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

ஒவ்வொரு தோப்பிலும் பத்துப் பதினைந்து மரங்களாவது தேவை. தோப்பின் ஓரத்து மரங்கள், சாலை வெட்டியபோது வேர் அறுபட்டவை, விறகுக்குக் கிளை கழிக்கப்பட்டவை ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். ஊசியிலைகளை இழந்த பைன், மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் குறுகிய வளையத்தையே இடும்.

2. அனுமதியும் கருவிகளும்

காட்டில் நிற்கும் மரத்தைத் துளைக்கவோ வெட்டவோ வனத்துறையின் எழுத்துமூல அனுமதி தேவை. சரணாலய எல்லைக்குள் அது இல்லாமல் கை வைப்பது குற்றம். தொடக்கநிலையாளர்களுக்கு என் பரிந்துரை, ஏற்கெனவே வெட்ட அனுமதி பெற்ற கூப்பிலோ (மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப் பகுதி) எஸ்டேட்டிலோ விழும் மரங்களிலிருந்து வட்டுகளை, அதாவது தண்டைக் குறுக்காக அறுத்த வட்டத் துண்டுகளை, கேட்டுப் பெறுவதுதான். அதற்கும் ரேஞ்ச் ஆபீசில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தால், சோதனைச் சாவடியில் வட்டுகளோடு காத்து நிற்க நேராது.

வட்டு முழுச் சுற்றையும் காட்டுகிறது என்பதும் ஒரு நன்மை. இன்கிரிமென்ட் போரர் எனப்படும் திருகு துளைப்பான் நிற்கும் மரத்திலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியை மட்டுமே எடுத்துத் தருகிறது. அக்குச்சியில் விடுபட்ட வளையத்தை அடையாளம் காண அனுபவம் வேண்டும்.

மற்றபடி இழைப்புளி, 80 முதல் 600 எண் வரையிலான உப்புத்தாள்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கூரிய பென்சில், கட்டம் போட்ட தாள், ஸ்கேனர் ஆகியவை போதும்.

3. வட்டு எடுத்தல்: உயரம், சரிவு, தேதி

எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில், வழக்கமாகத் தரையிலிருந்து 1.3 மீட்டரில், வட்டு எடுக்க வேண்டும். ஒரே ஆண்டில் ஒரே மரம் இடும் வளையம் அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலத்தில் இருப்பதில்லை. இலைத்தொகுதியின் கீழ்ப்பகுதியை ஒட்டி அகன்றும், அதற்குக் கீழே போகப்போகக் குறுகியும் இருக்கும். ஒரு மரத்தில் இடுப்புயரத்திலும் இன்னொன்றில் தலைக்கு மேலும் எடுத்தால், அந்த வேறுபாடு பின்னர் வானிலையின் வேடத்தில் வந்து நிற்கும்.

இதோடு ஒவ்வொரு தோப்பிலும் இரண்டு மூன்று மரங்களில் தரையை ஒட்டியும் ஒரு வட்டு எடுங்கள். கன்று 1.3 மீட்டர் உயரத்தை எட்டுவதற்கு ஆன ஆண்டுகள் மேல்வட்டில் பதிவாகியிருக்காது. நட்ட ஆண்டோடு சரிபார்க்க அடிவட்டே உதவும்.

நம் மலைகளில் சமதளம் அரிது. சரிவில் நிற்கும் பைன், சாயாமல் நிமிர்ந்து நிற்பதற்காகச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் செம்மை கலந்த, கனத்த, அகன்ற மரப்பகுதியை உண்டாக்குகிறது. அதனால் நடுப்புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கீழ்ப்பக்கத்து ஆரத்தை அளந்தால் மழையை அல்ல, சரிவையே அளந்தவர்களாவோம். வெட்டுவதற்கு முன்பே பட்டையில் மேட்டுப்பக்கம் எது, பள்ளப்பக்கம் எது என்று குறித்துவிட்டு, இவ்விரண்டுக்கும் குறுக்கே செல்லும் இரு ஆரங்களை அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மரம் விழுந்த பிறகு இதை ஊகிக்க முயல்வது வீண்.

வட்டின் பின்புறத்தில் தோப்பு, மர எண், உயரம், வெட்டிய தேதி ஆகிய நான்கையும் அங்கேயே எழுதுங்கள். தேதிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பட்டையை ஒட்டிய வளையம் எந்த ஆண்டுக்குரியது என்பதை அது சொல்லும். அவ்வளையம் முழுமை பெற்றதா, பாதியில் நின்றதா என்பதையும் அதைக் கொண்டே தீர்மானிக்க முடியும். பட்டையும் ஒட்டியே இருக்க வேண்டும்: அறுவை மில்லில் பட்டை உரித்துப் பலகை சீவிய கட்டைகளில் கடைசி ஆண்டுகள் எத்தனை போயின என்று எவராலும் சொல்ல இயலாது.

4. உலர்த்துதலும் இழைத்தலும்

வட்டுகளை நிழலில், காற்றோட்டம் உள்ள இடத்தில், அடியில் சட்டம் வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நடுவிலிருந்து பட்டை வரை பிளந்துவிடும். ஆடி மாத ஈரத்தில் மூணாறுப் பக்கம் பைன் நிழலில் உலராது. நீலம் பாரித்துப் பூஞ்சை பிடிக்கும். அக்காலத்தில் வெட்டியதை, மழை குறைந்த மறையூருக்குக் கீழேயோ உடுமலைப் பக்கமோ கொண்டுபோய் உலர்த்துவது நல்லது.

உலர்ந்ததும் இழைப்புளியால் சமன் செய்து, 80, 120, 220, 320, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாள் போட வேண்டும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கீறலை அழிப்பதற்காகவே உள்ளது. இடையில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல்கள் மெல்லிய வளையங்கள் போலத் தெரியும். பைனில் உள்ள பிசின் தாளை அடைத்துக்கொள்வதால் தாளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். தாளில் மிச்சம் பிடித்தவரின் வட்டை லென்ஸில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

5. மெய்வளையமும் பொய்வளையமும்

பைன் வளையம் இரண்டு பகுதிகளால் ஆனது. வளர்ச்சி விரைவாக உள்ளபோது அகன்ற உள்வெளியும் மெல்லிய சுவரும் கொண்ட செல்கள் உண்டாகின்றன. அது வெளிறிய முன்பருவக் கட்டை. வளர்ச்சி தளரும்போது செல்கள் சிறுத்து, சுவர் தடிக்கின்றன. அது கருத்த பின்பருவக் கட்டை. கருமைக்குப் பின் சட்டென்று மீண்டும் வெளிறும் இடமே ஆண்டின் எல்லை.

இமயத்தில் பனி மூடும் குளிர்காலம் வளர்ச்சியை முற்றாக நிறுத்துவதால் அங்கே இவ்வெல்லை தெளிவாக இருக்கும். நம் மலைகளில் அப்படி ஒரு கட்டாய ஓய்வு இல்லை. தைப் பனியும் மாசி வறட்சியும் வளர்ச்சியைத் தளர்த்துகின்றன. ஆனால் ஆண்டின் நடுவிலும் தளர்வு வரலாம். மூணாற்றில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மழை மறைவுப் பகுதியான மறையூரிலும் சின்னாற்றிலும் சாரல் மட்டுமே விழுகிறது; அங்கே கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே வறண்ட மாதங்கள் உள்ளன. அத்தகைய இடைவெளியில் மரம் ஒரு கருத்த கோட்டை இட்டு, மழை வந்ததும் மீண்டும் வெளிறிய செல்களை உண்டாக்கக்கூடும். இதுவே பொய்வளையம்.

இரண்டையும் பிரிக்க மூன்று சோதனைகள் உள்ளன. முதலாவது, கருத்த கோட்டின் வெளிவிளிம்பைப் பார்ப்பது: மெய்யான எல்லையில் கருமை கத்தி வைத்து வெட்டியது போல முடியும்; பொய்வளையத்தில் உள்விளிம்பைப் போலவே வெளிவிளிம்பும் படிப்படியாகக் கரையும். இரண்டாவது, அக்கோட்டை வட்டு முழுவதும் சுற்றிவருவது: பொய்வளையம் பெரும்பாலும் எங்காவது மங்கி மறையும். மூன்றாவது, அடிவட்டின் எண்ணிக்கையை நட்ட ஆண்டோடு ஒப்பிடுவது: நாற்பதாண்டுத் தோப்பில் நாற்பத்தேழு வந்தால் பொய்வளையங்கள் சேர்ந்துள்ளன என்று பொருள்.

நெருக்கத்தில் நசுங்கிய மரங்களில் இதற்கு நேர்மாறானது நிகழும். மோசமான ஆண்டில் அடித்தண்டில் வளையமே இடாமலோ, ஒரு பக்கம் மட்டும் இட்டோ மரம் தப்பிப் பிழைக்கும். அங்கே இரண்டு எல்லைக்கோடுகள் ஒன்றாகக் கூடுவதை வட்டைச் சுற்றிவந்தால் காணலாம்.

கிளைத்தட்டுகளை எண்ணி வயதைச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உள்ளது. பைனஸ் பாட்டுலா ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகளை விடும் இனமாதலால், இங்கே அம்முறை உதவாது.

6. குறுக்கு ஒப்பீடு: ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு சூட்டுதல்

எண்ணுவதும் ஆண்டு சூட்டுவதும் ஒன்றல்ல. ஒரு மரத்தில் ஒரே ஒரு பொய்வளையம் நுழைந்துவிட்டால், பட்டையிலிருந்து எண்ணும்போது அதற்கு உள்ளே உள்ள அத்தனை வளையங்களும் ஓராண்டு பிசகிவிடும். அம்மரத்தைச் சராசரியில் சேர்த்தால் மற்ற மரங்களின் குறிப்பையும் அது கெடுக்கும். இப்பிழையை ஒரு மரத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கட்டத்தாளில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நீண்ட கீற்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் ஓராண்டு. தன் இருபக்கத்து வளையங்களைக் காட்டிலும் குறுகியிருக்கும் வளையத்துக்கு மட்டும் கோடு இடுங்கள். எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளக் கோடு. சாதாரண வளையங்களுக்கு எதுவும் வேண்டாம். பிறகு கீற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நீளக் கோடுகள் நேர்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். 1985 முதல் 2010 வரை பொருந்தி, அதற்கு முன் எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்திருந்தால், பிழை 1985-ஐ ஒட்டி உள்ளது. அவ்விடத்தை லென்ஸில் மீண்டும் பார்த்தால், பெரும்பாலும் பொய்வளையமோ, இரண்டு எல்லைகள் ஒன்றாகக் கூடிய இடமோ கிடைக்கும்.

தாளுக்குப் பொருந்துவதற்காக வளையத்தைச் சேர்ப்பதோ நீக்குவதோ கூடாது. கட்டையில் சான்று தெரிந்தால் மட்டுமே திருத்த வேண்டும். தெரியாவிட்டால் அம்மரத்தை ஒதுக்கிவிட வேண்டும். மாணவர்கள் இவ்விடத்தில்தான் மனம் தளர்ந்து, பாடுபட்டு இழைத்த வட்டை விட மனமின்றி ஓராண்டை ஓசையின்றிக் கூட்டிவிடுகிறார்கள்.

கணினி வசதி உள்ளவர்கள், அளவுகள் முடிந்த பிறகு கோஃபெச்சா (COFECHA) மென்பொருளிலோ ஆர் (R) என்ற கணினி மொழியின் டிபிஎல்ஆர் (dplR) தொகுப்பிலோ இதைச் சரிபார்க்கலாம். தாளில் செய்த பிறகே அவை பயன்படும். முதலிலேயே மென்பொருளிடம் விட்டால், அது சுட்டும் இடத்தில் கட்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண் பழகாது.

7. அளத்தல்

அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற நிலையில் வட்டை ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி சுமார் 0.02 மில்லிமீட்டருக்குச் சமம். பைனுக்கு அது போதும். வளைய எல்லைக்குச் செங்குத்தாகவே அளக்க வேண்டும். ஆரம் கணுவின் அருகே சென்றால் விலகிச் சென்று, அதே வளையத்தில் மீண்டும் தொடருங்கள். வெளிறிய செல்களோடு நிற்கும் கடைசி வளையம் முழுமை பெறாதது. அதைக் கணக்கில் சேர்க்கலாகாது.

8. வயதின் தடத்தை விலக்குதல்

இளமரத்தில் அகன்ற வளையம், முதுமரத்தில் குறுகிய வளையம் என்பது பைனின் பொதுப்போக்கு. இதில் ஒரு பகுதி வெறும் வடிவக்கணக்கு: ஒரே அளவு மாவைச் சிறிய கல்லில் ஊற்றினால் தடித்த தோசையும், பெரிய கல்லில் பரப்பினால் மெல்லிய தோசையும் வருவது போல, தண்டு பருக்கப் பருக்க அதே அளவு கட்டை மெல்லிய வளையமாகவே படியும்.

எண்ணில் பார்ப்போம். ஆரம் 5 சென்டிமீட்டராக இருக்கும் இளமரம் 5 மில்லிமீட்டர் வளையம் இட்டால், அதன் பரப்பு சுமார் 16.5 சதுர சென்டிமீட்டர். ஆரம் 15 சென்டிமீட்டராக வளர்ந்த பின் அதே மரம் 2 மில்லிமீட்டர் வளையம் இட்டால், பரப்பு சுமார் 19 சதுர சென்டிமீட்டர். அகலம் பாதிக்கும் கீழே இறங்கியும் மரம் முன்னைவிட அதிகக் கட்டையை உண்டாக்கியுள்ளது. குறுகிய வளையத்தைக் கண்டதும் மரம் வாடியது என்று சொல்வது எவ்வளவு தவறாக முடியும் என்பதற்கு இக்கணக்கு ஒன்றே போதும்.

மீதிப் பகுதி மரத்தின் உடலியல். உயரம் கூடும்போது நீரை மேலேற்றுவது கடினமாகிறது. இலைகள் வேரிலிருந்து விலகுகின்றன. உணவில் ஒரு பங்கு காய்களுக்கும் பருத்த தண்டின் பராமரிப்புக்கும் செல்கிறது. நடுப்புள்ளியை ஒட்டிய முதல் பத்து முதல் இருபது வளையங்கள் இளங்கட்டை எனப்படும். அங்கே பின்பருவக் கட்டை மெலிந்தும் எல்லை மங்கியும் இருக்கும்.

இப்போக்கை நீக்க, ஒவ்வொரு மரத்தின் அளவுகளின் ஊடேயும் படிப்படியாகத் தாழும் ஒரு வளைகோட்டை வரைந்து, அந்தந்த வயதில் எதிர்பார்க்கத்தக்க அகலத்தை அதிலிருந்து பெற வேண்டும். அளந்த அகலத்தை எதிர்பார்த்த அகலத்தால் வகுத்தால் கிடைப்பது குறியெண். எட்டாம் வயதில் எதிர்பார்த்தது 4.0, அளந்தது 3.0 மில்லிமீட்டர் எனில் குறியெண் 0.75. முப்பதாம் வயதில் எதிர்பார்த்தது 1.6, அளந்ததும் 1.6 எனில் குறியெண் 1.00. அகலத்தில் பாதியளவே உள்ள இரண்டாவது வளையம்தான் நல்ல ஆண்டைச் சேர்ந்தது.

தோப்பு மரங்களில் இக்கோடு நேர்த்தியாக அமையாது. கிளைகள் முட்டியதும் அகலம் சரியும். இடையில் சில மரங்களைக் கழித்து வெளிச்சம் விட்டால், எஞ்சியவற்றில் சில ஆண்டுகள் ஏறும். மரம் கழித்த ஆண்டுகளை எஸ்டேட் அல்லது வனத்துறைப் பதிவிலிருந்து கேட்டு வைத்திருக்காவிட்டால், அந்த ஏற்றம் நல்ல மழையின் கணக்கில் சேர்ந்துவிடும். கழித்தலின் தடம் அத்தோப்பில் மட்டும் இருக்கும், மழையின் தடம் மூன்றிலும் இருக்கும். முதற்படியில் மூன்று தோப்புகள் கேட்டதற்கு இது இன்னொரு காரணம்.

ஏற்ற இறக்கம் அனைத்தையும் தழுவிச் செல்லும் வளைந்துநெளிந்த கோட்டை வரைந்தால், வயதோடு வானிலையும் அழிந்து குறியெண் எல்லாம் ஒன்றை ஒட்டியே நிற்கும். நாற்பதாண்டு மரத்துக்கு, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்குக் குறைவான அலைவுகளைத் தொடாத விறைப்பான கோடே ஏற்றது.

9. மழையோடும் வெப்பத்தோடும் ஒப்பிடுதல்

இப்போது பதிவேட்டைத் திறக்கலாம். தேயிலை எஸ்டேட்டுகள் பல தம் மழைமானிப் பதிவுகளை நெடுங்காலமாக வைத்துள்ளன. பழைய ஏடுகளில் அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். தோப்புக்கு அருகிலுள்ள எஸ்டேட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்: ஓரிரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மூணாறும் மறையூரும் மழையில் இரு வேறு நாடுகள். வெப்ப அளவுகளையும், விடுபட்ட மாதங்களையும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தரவிலிருந்து நிரப்பலாம்.

ஆண்டு மொத்த மழையோடு ஒப்பிட்டு எதுவும் பொருந்தவில்லை என்று கைவிடுவது இங்கு வழக்கமான பிழை. மாதவாரியாக, அதுவும் முந்தைய ஆண்டு ஜூனிலிருந்து நடப்பாண்டு டிசம்பர் வரை ஒப்பிட வேண்டும். பைனின் ஊசியிலைகள் ஓராண்டுக்கு மேல் மரத்தில் நிற்கின்றன. சேமித்த உணவும் அடுத்த ஆண்டு வளர்ச்சிக்குச் செல்கிறது. எனவே சென்ற ஆண்டின் வறட்சி இந்த ஆண்டின் வளையத்திலும் தெரியலாம். இரு பருவமழைகளும் கேரளத்தில் பெரிதும் பொய்த்த 2016-இன் தடத்தைத் தேடுபவர்கள் 2017 வளையத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மழை மிகுந்தால் வளையம் அகலும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மறையூர் போன்ற வறண்ட சரிவில் நீரே தடை. அங்கே கோடை மழை குறைந்தால் வளையம் குறுகும் என்று எதிர்பார்க்கலாம். வாகமன் போன்ற ஈரச்சரிவில் ஜூன், ஜூலை மாதங்களில் நீருக்குப் பஞ்சமில்லை. மேகமூட்டத்தால் வெயிலே பற்றாக்குறை. அங்கே அடைமழை மாதங்களுக்கும் குறியெண்ணுக்கும் எதிர்மறை உறவு வந்தால், கணக்குத் தவறு என்று பதறி மாற்றாதீர்கள்.

பத்தொன்பது மாதங்கள், மழையும் வெப்பமுமாக இரண்டு அளவுகள் என்று முப்பத்தெட்டு ஒட்டுறவுக் கெழுக்களை (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்களை) கணக்கிட்டால், உறவே இல்லாதபோதும், தற்செயலுக்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்ற வழக்கமான வரம்பில் ஏறத்தாழ இரண்டு தற்செயலாகத் தேறிவிடும். தனித்து நிற்கும் ஒரு மாதத்தை நம்பாமல், அடுத்தடுத்த மாதங்கள் ஒரே திசையில் சேர்ந்து வருகின்றனவா என்றும், அதே மாதங்கள் மூன்று தோப்புகளிலும் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

10. எவ்வளவு தொலைவு சொல்லலாம்

நாற்பது ஆண்டு மரத்தின் வயதுப்போக்கை நீக்கும்போது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீளும் எந்த மாற்றமும் அதோடு போய்விடுகிறது. ஆகவே இத்தோப்புகளைக் கொண்டு ஆண்டுக்கு ஆண்டு வந்த ஏற்ற இறக்கத்தைப் பேசலாம். மலை மெல்ல வெப்பமடைந்து வருகிறதா என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை.

நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போக விரும்புவோர் பைனை விட்டுத் தேக்குக்கு மாற வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேரளத் தேக்கு மரங்களிலிருந்து 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டு வளையத் தொடரை உருவாக்கி 2010-இல் வெளியிட்டனர். படிகள் அங்கும் இவையே. எல்லையை அறியும் விதம் மட்டும் வேறு. தேக்கில் கருத்த கோட்டைத் தேடாமல், ஆண்டின் தொடக்கத்தில் வரிசையாக அமையும் பெரிய துளைகளைத் தேட வேண்டும்; 400 எண் உப்புத்தாளுக்குப் பின் அத்துளைகளில் அடைந்த தூளை ஊதி வெளியேற்றிவிட்டால் அவை வெறுங்கண்ணுக்கே தெரியும்.